மீட்டர் குடித்த நூற்று முப்பது வோல்ட்

பெரிய மாப்பிள்ளைக்கு சின்ன மாப்பிள்ளை செய்த அந்தச் சர்க்யூட் போர்டைப் பார்த்ததுமே வயிறு எரிந்தது. தீப்பெட்டியில் பாதிதான் இருக்கும். அவன் செய்து வைத்திருந்ததோ சோப்புப் பெட்டி அளவு. இரண்டும் ஒரே வேலைக்குச் செய்தவை. பேட்டரியின் ஆறு வோல்ட்டை வாங்கி ஐந்நூறு வோல்ட்டாக்கித் தர வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த வேலையைச் சோப்புப் பெட்டி செய்தால் என்ன, தீப்பெட்டி செய்தால் என்ன என்று கேட்கலாம். பார்க்கிறவன் கண் அப்படியா கேட்கிறது? சின்னதைத்தான் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது.

பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை என்பது மாமியார் வீட்டில் வைத்த பெயர். அக்காளைக் கட்டியவன் பெரியவன், தங்கையைக் கட்டியவன் சின்னவன். டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த மின்கருவிப் பட்டறைக்கு அந்தப் பெயர் படியேறி வந்ததற்குக் காரணம் பெரியவனேதான். மூன்று வருடத்துக்கு முன் சின்னவனுக்கு இருந்த வேலை போயிற்று. தங்கை வீட்டுக்காக மனைவி பெரியவனைப் பிய்த்துப் பிடுங்கினாள். பெரியவன் முதலாளி மேடத்திடம் போய், "என் சகலை ஒருத்தன் இருக்கான், கம்ப்யூட்டர் நல்லாப் பார்ப்பான்" என்று சொன்னான். அன்றைக்கு அந்த வாயைத் தைத்துப் போட்டிருக்கக் கூடாதா என்று பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டான்.

பழைய இரும்பு வாங்குகிற கிடங்குகளுக்கு ஒரு கைக்கருவி செய்யச் சொல்லி பட்டறைக்கு வேலை வந்திருந்தது. குவியலுக்குள் கதிர்வீச்சு உள்ள இரும்பு எதுவும் கலந்திருந்தால் அது டிக் டிக் என்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்க வேண்டும். சத்தம் போடுவது ஒரு கண்ணாடி டியூப். அது உயிரோடு இருக்க ஐந்நூறு வோல்ட் வேண்டும். ஐந்நூற்றைம்பதைத் தாண்டினால் செத்துவிடும். வேலை கொடுத்தவர்கள் மாதிரிக்கு ஒரே ஒரு டியூப் அனுப்பியிருந்தார்கள். இன்னொன்று வேண்டுமென்றால் இரண்டு மாதம் ஆகும்.

மேடம் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னாள். "ஆளுக்கொண்ணு செய்யுங்க. வெள்ளிக்கிழமை பாப்போம். எது கருவிக்குள்ள போகுதோ, அதைச் செஞ்சவர் இந்தக் கருவிக்குப் பொறுப்பு. கண்ணாடி அறை அவருக்கு."

கண்ணாடி அறை என்பது பட்டறையின் மூலையில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்துத் தடுத்த இடம். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. பதினாறு வருடமாகப் பெரியவன் அதை வெளியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வேலை செய்கிற விதம் கைவிதம். செய்வான், சுட்டால் மாற்றுவான், வெடித்தால் கூட்டிப் பெருக்கிவிட்டு மறுபடி செய்வான். சின்னவன் அப்படி இல்லை. எதையும் முதலில் திரையில் வரைந்து ஓட்டிப் பார்ப்பான். அதற்குச் சிமுலேஷன் என்று பேர். இல்லாத காயில், இல்லாத டிரான்சிஸ்டர், இல்லாத கப்பாசிட்டர், இல்லாத மின்சாரம். எல்லாம் ஓடி முடிந்ததும் பச்சைக் கோடு ஒன்று ஏணி போல ஏறிப் போய் ஐந்நூறில் நிற்கும்.

"அண்ணே, பாருங்க, நாப்பது மில்லி செகண்டுல ஏறிடுது" என்பான் சின்னவன்.

"பொம்மைக் குதிரை எவ்வளவு வேகமாவும் ஓடும்" என்பான் பெரியவன். "திரைய நம்பாத தம்பி. மீட்டர நம்பு. மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது."

வாரத்துக்கு இரண்டு முறையாவது இதைச் சொல்வான். சொல்லும்போது பக்கத்தில் டப்பாக்காரர் இருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்வான். கருவிகளுக்கு வெளிப்பெட்டி செய்கிற டப்பாக்காரர் சிரித்தால்தான் சொன்னதற்கு ஒரு நிறைவு.

திங்கட்கிழமை சின்னவன் திரையில் ஓட்டியதை அப்படியே போர்டில் பற்றவைத்து முடித்தான். பேட்டரியை மாட்டினான். மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தான். எதிர் மேஜையில் இருந்த பெரியவன் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கினான்.

முந்நூற்று எழுபது.

சின்னவன் முகம் தொங்கிப்போயிற்று. முனைகளை எடுத்து மறுபடி வைத்தான். முந்நூற்று எழுபத்தொன்று. பேட்டரியை மாற்றினான். அதே எண்.

பெரியவனுக்கு ஒரு மூச்சில் விளங்கிவிட்டது.

இந்த மாதிரி பவர் சப்ளையில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. ஓடுகிற தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடினால் குழாய் டங்கென்று உதைக்கும் அல்லவா? காயிலில் ஓடுகிற மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினாலும் அப்படித்தான் உதைக்கும். ஒரு நொடிக்கு இருபதாயிரம் முறை ஓட்டி நிறுத்தி, அந்த உதையை எல்லாம் ஒரு கப்பாசிட்டரில் பிடித்து வைத்தால் ஐந்நூறு வோல்ட் சேரும். ஆனால் அது வெறும் அழுத்தம். உள்ளே சரக்கு கொஞ்சம்தான். டியூபுக்கு அது போதும், டியூப் குடிப்பது சொட்டு. மீட்டர்தான் குடிகாரன். அளந்து சொல்வதற்கு அதற்கும் ஒரு வாய் வேண்டும். வீட்டுச் சுவரில் வருகிற மின்சாரத்தில் அந்த ஒரு வாய் கடலில் ஒரு கை அள்ளிய கதை. இங்கே அது பானையில் கால்வாசி. சின்னவனுடைய நூற்று முப்பது வோல்ட்டை மீட்டர் குடித்துவிட்டு, மிச்சத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

பெரியவனுக்கு இது தெரிந்ததற்குக் காரணம் படிப்பு இல்லை. பதினோரு வருடத்துக்கு முன் இதே பள்ளத்தில் விழுந்து ஒரு மாதம் எழுந்திருக்கத் தெரியாமல் கிடந்தவன். பிறகுதான் ஒரு கோல் செய்தான். பிளாஸ்டிக் குழாய்க்குள் மின்சாரத்தைத் தடுக்கிற பெரிய பெரிய ரெசிஸ்டர் பத்தை வரிசையாகப் பற்றவைத்து, முனையில் ஓர் ஊசி. மீட்டருக்கு முன்னால் அந்தக் கோலைப் போட்டால் மீட்டர் உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. காட்டுகிற எண்ணை நூறால் பெருக்கினால் உண்மை வந்துவிடும். அந்தக் கோல் அவனுடைய டிராயரில் பூட்டிக் கிடந்தது. அந்தப் பட்டறையில் பெரிய வோல்ட் வேலை பார்ப்பவன் அவன் ஒருவன்தான் என்பதால் வேறு யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கீழே இறங்கினார்கள். பெரியவன் ஷூ கயிற்றைக் கட்டுவது போலக் குனிந்திருந்தான். படிச் சத்தம் ஓய்ந்ததும் டிராயரைத் திறந்தான். கோலை எடுத்தான். சகலையின் போர்டில் வைத்தான்.

ஐந்து. சரியாக ஐந்து புள்ளி பூஜ்யம். நூறால் பெருக்கினால் ஐந்நூறு.

முதல் அடியிலேயே! ஒன்றும் வெடிக்காமல், ஒன்றையும் மாற்றாமல், திரையில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு முதல் அடியிலேயே! பெரியவனுடைய சோப்புப் பெட்டிக்கு ஐந்நூறைத் தொட ஆறு காயிலும் ஒன்பது டிரான்சிஸ்டரும் ஆயிற்று. அதுவும் சின்னவனுடையதைப் போல மூன்று மடங்கு பேட்டரியைத் தின்றது. உலகத்திலேயே அந்தப் போர்டு சரி என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான். செய்தவனுக்கே தெரியாது.

கோலைத் துடைத்து உள்ளே வைத்துப் பூட்டினான். போர்டை இருந்த கோணத்திலேயே திருப்பி வைத்தான். பிறகு சாப்பிடப் போனான். இரண்டு வாய் கூடுதலாகவே சாப்பிட்டான்.

செவ்வாய்க்கிழமை சின்னவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். கம்ப்யூட்டர் ஐந்நூறுங்குது. மீட்டர் முந்நூத்தி எழுபதுங்குது. எத நம்புறது?"

பெரியவன் பற்றவைக்கிற கம்பியை ஈரப் பஞ்சில் துடைத்தான். புஸ்ஸென்று ஆவி வந்தது. இன்னொரு முறை துடைத்தான்.

"நான் எப்பவும் என்ன சொல்லுவேன்?"

"மீட்டர நம்புன்னு."

"அப்புறம் என்ன?"

சின்னவன் தலையை ஆட்டினான். "நீங்க சொல்றதுதான் சரின்னு படுது அண்ணே. எங்கயோ படத்துல ஏதோ விட்டுட்டேன் போல."

விட்டது என்ன என்று பெரியவனுக்குத் தெரியும். படத்தில் எல்லாம் இருந்தது. மீட்டர்தான் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கேயே உட்கார வைத்தான்.

புதன்கிழமை சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏங்க, தங்கச்சி போன் பண்ணா. அவருக்குச் சோறே இறங்கலயாம். வீட்டுலயும் அந்தப் படத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காராம். நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லக் கூடாதா?"

"அவனுக்குத்தான் கம்ப்யூட்டர் இருக்கே. அதுகிட்டக் கேக்கட்டும்."

"என்ன இப்படிப் பேசுறீங்க? அவரு வாய் நிறைய அண்ணே அண்ணேங்கிறாரு."

"வாய் நிறையச் சொல்றவனத்தான் நான் நம்புறதில்ல."

"நீங்க யாரத்தான் நம்பியிருக்கீங்க? கடைக்காரன் கொடுக்கிற முட்டையக் கூட விளக்குல பிடிச்சுப் பாக்குற ஆளு." ஒரு சட்டையை உதறினாள். "அவரு வந்தா அம்மா கைப்பிடி வச்ச நாற்காலியப் போடுறாங்க, அதுதானே உங்களுக்கு?"

அதுவும்தான். ஆனால் அதை அவள் வாயால் கேட்க அவனுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போய் ஒழுகாத குழாயை இறுக்கினான்.

வியாழக்கிழமை சின்னவன் ஒரு வேலை செய்தான். காயிலில் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் மின்சாரம் ஓடும் என்பதை ஒரு சின்ன ரெசிஸ்டர் முடிவு செய்கிறது. அதை மாற்றினான். நேரம் கூடியது, உதை பலத்தது. மீட்டர் ஏறியது. மறுபடி மாற்றினான். மாலை நான்கு மணிக்கு மீட்டர் ஐந்நூறு என்றது. சின்னவன் கையைத் தட்டியது டயர் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

"என்ன, சின்ன மாப்பிள்ளை கரை ஏறிட்டாரா?" என்று டப்பாக்காரர் கேட்டார்.

"ஏறியாச்சு! அண்ணன் சொன்ன வழி."

பெரியவன் பற்றவைக்கிற கம்பியைக் கீழே வைத்தான். மனக்கணக்குப் போட்டான். மீட்டர் குடித்தது போக ஐந்நூறு என்றால், மீட்டரை எடுத்துவிட்டால் அறுநூற்று எழுபதுக்கு மேல். டியூப் ஒரு நிமிடம் தாங்காது.

வெள்ளிக்கிழமை காலை மேடம் பஞ்சு வைத்த பெட்டியைக் கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். மூடியைத் திறந்தாள். விரல் நீளம் டியூப், உள்ளே சாம்பல் நிறம். எல்லாரும் சுற்றி நின்றார்கள். முதலில் பெரியவனுடையதை மாட்டி மீட்டரால் பார்த்தாள். நானூற்றுத் தொண்ணூறு. அவனுடையதில் சரக்கு அதிகம். மீட்டர் குடித்தாலும் பெரிதாக இறங்காது. பேட்டரி இழுப்பதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். பிறகு சின்னவனுடையது. ஐந்நூறு. பேட்டரி இழுப்பு மூன்றில் ஒரு பங்கு.

"இதுல பேச ஒண்ணும் இல்ல" என்றாள் மேடம். "சின்னதாவும் இருக்கு, சிக்கனமாவும் இருக்கு. டியூபப் போட்டுக் கேட்டுடுவோம்." சட்டைப் பையிலிருந்து கண்ணாடி அறைச் சாவியை எடுத்துச் சின்னவன் போர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பெரியவன் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருப்பதற்காகத்தான் திங்கட்கிழமையிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தான். ஆனால் சாவியைப் பார்த்ததும் ஒன்று உறைத்தது. டியூப் செத்தால் பழி யார் மேல் விழும்? மீட்டர் ஐந்நூறு என்று எல்லார் முன்னாலும் சாட்சி சொல்லிவிட்டது. டியூப் மட்டம், வழியில் அடிபட்டிருக்கும் என்பார்கள். சின்னவன் துடைத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். இத்தனை நாள் கட்டிக் காத்தது வீண். இல்லை, அவன் தவறு அவன் தலையில்தான் விழ வேண்டும், அதுவும் எல்லார் கண் முன்னாலும்.

"நில்லுங்க மேடம்!"

டிராயரைத் திறந்து கோலை எடுத்தான். மீட்டரோடு சேர்த்தான். போர்டில் வைத்தான். திரும்பிப் பார்க்காமல் மீட்டரை அவர்கள் பக்கம் திருப்பினான்.

"ஆறு புள்ளி ஏழு. நூறால பெருக்குங்க. அறுநூத்தி எழுபது வோல்ட். டியூபுக்கு இந்நேரம் சங்கு ஊதியிருக்கும்."

டப்பாக்காரர் விசிலடித்தார். மேடம் டியூபைப் பஞ்சுக்குள் திருப்பி வைத்த வேகத்தைப் பார்க்க வேண்டும். சின்னவன் முகத்தில் ரத்தமே இல்லை. பெரியவனுக்கு மார்பு விரிந்தது. மூன்று வருடமாகக் காத்திருந்த வார்த்தை தானாக வந்தது.

"ஏன் தம்பி, உன் கம்ப்யூட்டர் இதச் சொல்லலையா?"

"சொல்லுச்சு அண்ணே. நேத்தே அறுநூத்தி எழுபத்தஞ்சுன்னு சொல்லுச்சு. நான்தான் நம்பல. மீட்டர நம்பினேன்."

சின்னவன் கோலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு யாரோ கூப்பிட்டது போலத் திரும்பித் தன் கம்ப்யூட்டரிடம் போனான். திங்கட்கிழமைப் படத்தைத் திறந்தான். காயில், டிரான்சிஸ்டர், கப்பாசிட்டர் எல்லாம் இருந்தன. கடைசியில் ஒரு ரெசிஸ்டரை வரைந்து பக்கத்தில் மீட்டர் என்று எழுதினான். ஓட்டினான். பச்சைக் கோடு ஏறி முந்நூற்று எழுபதில் நின்றது.

"அப்போ..." என்றாள் மேடம்.

"அப்போ முதல்ல செஞ்சதே சரி மேடம்" என்றான் சின்னவன். குரலில் கர்வம் இருந்திருந்தால் பெரியவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

பழைய ரெசிஸ்டரைத் தேடி எடுத்துப் பற்றவைத்தான். கோலை வைத்துப் பார்த்தார்கள். ஐந்து புள்ளி பூஜ்யம். டியூபை மாட்டினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு டிக். சற்று விட்டு இன்னொன்று. டப்பாக்காரர், "பொறந்துருச்சு" என்றார்.

மேடம் சிரிக்கவில்லை. கோலைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தாள்.

"இது எத்தன நாளா இருக்கு?"

"பதினோரு வருஷம்" என்றார் டப்பாக்காரர், தெரிந்ததைச் சொல்லும் சந்தோஷத்தில். "அந்தக் குழாய் நான் வெட்டிக் கொடுத்ததுதான்."

மேடம் பெரியவனைப் பார்த்தாள். "எதிர் மேஜை. நாலு நாள் அவர் முட்டிக்கிட்டு இருந்தாரு. உங்ககிட்ட வந்து கேக்கவே இல்லையா?"

பெரியவன் டிராயர்ப் பூட்டைப் பார்த்தான்.

"நான் கேக்கல மேடம்" என்றான் சின்னவன். "கேட்டிருக்கணும். என் தப்புதான்."

அந்தப் பொய் பெரியவனை அறைந்தது. திட்டியிருக்கலாம். காட்டிக்கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்தால் திருப்பிச் சொல்ல அவனிடம் நூறு வார்த்தை இருந்தது. இதற்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் இல்லை. மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. சாவியை எடுத்துச் சின்னவன் கையில் கொடுத்தாள். பெரியவனிடம், "இதே மாதிரி இன்னொரு கோல் செஞ்சு அவருக்குக் கொடுங்க. அந்த அறையில ஒண்ணு இருக்கணும்" என்றாள்.

வீட்டுக்குப் போனால் வாசலிலேயே மனைவி நின்றாள். முகம் மலர்ந்திருந்தது.

"தங்கச்சி போன்ல அழுதுட்டா. நீங்க மட்டும் இல்லன்னா அவர் மானமே போயிருக்குமாம். கடைசி நிமிஷத்துல அண்ணன்தான் காப்பாத்துனாருன்னு சொல்லிச் சொல்லி மாளலயாம். அன்னைக்கு நான் பேசினத மனசுல வச்சுக்காதீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை. அவனுக்கு அந்தப் பார்வை முதுகில் அரித்தது. சட்டையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். தலைவலி என்று சொல்லிப் படுத்தான்.

திங்கட்கிழமை கோல் செய்ய உட்கார்ந்தான். குழாய் தயாராக இருந்தது. ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தான். ஒன்பது முடிந்தது. பத்தாவதை விரல் நடுவில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். ஒன்பதோடு மூடினால் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. கோல் ஐந்நூறை ஐந்நூற்றைம்பது என்று காட்டும். சின்னவன் பதறிப்போய் இறக்குவான். இறக்கி இறக்கி, டியூப் சரியாகக் கத்தவில்லை என்று கிடங்கிலிருந்து புகார் வரும். நிமிர்ந்து கண்ணாடி அறையைப் பார்த்தான். சின்னவன் திரையில் என்னவோ வரைந்துகொண்டிருந்தான். இனிமேல் அவன் மீட்டரை மட்டும் நம்ப மாட்டான். திரையையும் பார்ப்பான். இரண்டும் ஒத்துவராவிட்டால், எங்கே ஒத்துவரவில்லை என்று கோலைப் பிரிப்பான்.

பெரியவன் பத்தாவதைப் பற்றவைத்தான்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது சின்னவன் எழுந்து நின்றான். இரண்டு கோலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் காட்டுது அண்ணே."

"பின்ன, வேற என்ன காட்டும்?"

சின்னவன் பழைய கோலைத் திருப்பிக் கொடுத்தான். கொடுத்தும் கையை எடுக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை வந்து கேட்டேன்ல. அன்னைக்கு இது டிராயர்லதான் இருந்துச்சா?"

மின்விசிறி சுற்றியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பாக்காரர் அரத்தால் எதையோ ராவிக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சு."

"ம்" என்றான் சின்னவன். கையை எடுத்துக்கொண்டான். அண்ணே என்று சேர்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பெரியவன் தன் மேஜைக்கு வந்தான். கோலை டிராயரில் போட்டான். பூட்டினான். பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.